மண்ணுக்குள்ள வீடு கட்டினா ஏசி வேண்டாமா?

போன மே மாசம், பேகம்பூர்ல எங்க வீட்டு மாடி ரூம். ராத்திரி பத்தரை மணிக்கு ஃபேன்ல இருந்து அனல்தான் வருது. பொழுது சாஞ்சு நாலு மணி நேரம் ஆச்சே, இன்னும் எப்படி? பகல் முழுக்க கான்கிரீட் ஸ்லாப் குடிச்ச சூடு, அப்பதான் உள்ள இறங்கிட்டிருக்கு. "பேசாம பூமிக்குள்ள வீடு கட்டிரலாமாடா?"ன்னு அம்மா கிண்டலா கேட்டாங்க. புது வீட்டுக்கு ஹோம் லோன் கட்டப்போறது நான்தான், அதனால சீரியஸாவே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஆஸ்திரேலியாவுல கூபர் பீடின்னு ஒரு ஊர். 1915-ல ஓப்பல் கல் கிடைச்ச இடம். அங்க நிறையப் பேர் பாறையைக் குடைஞ்சு வாழ்றாங்க. கோடையில வெளிய 45 டிகிரியைத் தொட்டாலும் உள்ள 25-ஐ ஒட்டித்தான் இருக்கும். காரணம் சிம்பிள்: சில மீட்டர் ஆழத்துல மண்ணோட வெப்பம், அந்த ஊரோட வருஷ சராசரியை ஒட்டியே நிக்கும்.

சிக்கலும் அதுலதான். திண்டுக்கல் சராசரியே கிட்டத்தட்ட 28 டிகிரி. அதனால நமக்குக் கிடைக்கிறது 28, ஏசி குளிர் இல்ல. ஆனா 40 டிகிரி மத்தியானத்துல 28-ங்கறது சின்ன விஷயமா? கூடவே தெரு சத்தம் வராது, வெளிச்சுவருக்கு பெயிண்ட் செலவு இல்ல, புயல் பயமும் இல்ல.

ஆனா கூபர் பீடி வறண்ட ஊர். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கு. வாட்டர்ப்ரூஃபிங்ல ஒரு ஓட்டை விழுந்தா, மேல இருக்கிற மண்ணை மொத்தமா அள்ளித்தான் தேடணும். காத்தோட்டம் சரியில்லன்னா சுவர்ல பூஞ்சை பிடிச்சிரும். அப்புறம் பாறை! மலைக்கோட்டையை நிமிர்ந்து பார்த்தாலே, காலுக்கு அடியில என்ன இருக்கும்னு புரிஞ்சிரும். ஊருக்கு நடுவுல வெடி வைக்க முடியாது, பிரேக்கர் வெச்சுதான் உடைக்கணும்.

அதனால நான் யோசிச்சது பாதி வழி. பகல்-ராத்திரி ஏத்த இறக்கம் அரை மீட்டர் மண்ணுக்குள்ளேயே அடங்கிரும். அப்போ ஆழமாத் தோண்ட வேண்டாம், கூரை மேல ஒன்றரை அடி மண் போதும். ஆனா இங்க கவனம்! நனைஞ்ச மண்ணு சதுர மீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டும். சாதாரண மொட்டை மாடியை, ஆள் நடமாட்டத்துக்குன்னு 150 கிலோ சுமைக்குத்தான் டிசைன் பண்றாங்க. இருக்கிற வீட்டு மேல மண்ணைக் கொட்டிராதீங்க, ப்ளீஸ். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் முதல் நாள்ல இருந்தே இதைக் கணக்குல எடுத்துக் கட்டணும்.

பழைய வீட்டு மாடிக்கு இப்போதைக்கு வெள்ளை டைல்ஸ்தான். புது வீட்டுல, அப்பா அம்மா ரூமை மட்டும் தரையில இருந்து நாலடி கீழ இறக்கி, கூரை மேல மண் போடலாம்னு ஒரு வரைபடம் போட்டேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"எத்தனை படிடா இறங்கணும்?"

எட்டுன்னு சொன்னேன். முட்டியைத் தடவிக்கிட்டே பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டாங்க.