சம்பளத்தோடு ஒரு கட்டில்

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் உலகின் முதல் தேசியப் பூங்கா, 1872-இல் அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 9,000 சதுர கிலோமீட்டரில் காடு, வெந்நீர் ஊற்றுகள், பைசன் மந்தைகள். நல்ல ஆண்டென்றால் 40 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். பெரும்பாலோர் மே முதல் அக்டோபருக்குள். அவர்களுக்கு அறை பெருக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, பெட்ரோல் போட ஏராளமான ஆள் வேண்டும். பூங்காவுக்குள் வாடகை வீடு கிடையாது. எல்லையோரச் சிற்றூர்களிலோ, கோடையில் சுற்றுலாப் பயணி கொடுக்கும் வாடகை தொழிலாளிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் வேலைக்கு எடுக்கும் நிறுவனமே தங்க இடமும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்படி சீசனுக்கு சீசன் ஊர் மாறி வேலை பார்ப்பவர்கள் அங்கே நிறைய. விடுமுறையில் வரும் கல்லூரி மாணவர்கள், பணி ஓய்வு பெற்ற தம்பதிகள், ஒரே ஊரில் காலம் தள்ளப் பிடிக்காதவர்கள் என எல்லா வயதினரும் உண்டு. கோடையில் எல்லோஸ்டோன், பனிக்காலத்தில் கொலராடோவின் பனிச்சறுக்கு விடுதிகள் அல்லது கலிஃபோர்னியாவின் டெத் வேலி. 1913-இல் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் அது. அதனால் அங்கே சீசன் குளிர்ந்த மாதங்களில்தான். இரண்டு சீசனையும் கோத்துக்கொண்டால், வீடு பிடிக்காமலே ஆண்டின் பெரும்பகுதி ஓடிவிடும்.

தங்குமிடம் என்றால் தனி வீடல்ல. பெரும்பாலும் ஓர் அறையில் இரண்டு கட்டில், தாழ்வாரத்தின் கோடியில் பொதுக் குளியலறை, ஊழியர் மெஸ்ஸில் சாப்பாடு. உடன் தங்குபவர் யாரென்று போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். இதற்கான தொகையைப் பல நிறுவனங்கள் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கின்றன. ஆனால் மற்றவர்கள் ஆயிரம் மைல் வண்டி ஓட்டி வந்து பார்ப்பதை இவர்கள் ஓய்வு நாளில் நடந்தே போய்ப் பார்க்கலாம். மரத்தடிகளால் கட்டி 1904-இல் திறந்த ஓல்டு ஃபெய்த்ஃபுல் இன் விடுதியில் வேலை கிடைத்தால், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிடும் வெந்நீர் ஊற்று வாசலிலேயே இருக்கிறது. எல்லோஸ்டோன் ஊழியர்களுக்கு ஆகஸ்ட் 25-ஆம் தேதியே கிறிஸ்துமஸ் கொண்டாடும் வழக்கமும் உண்டு.

அலாஸ்காவின் பிரிஸ்டல் பே கணக்கு வேறு. உலகிலேயே அதிகமாக சாக்கை சால்மன் மீன் வந்து ஏறும் கடற்பகுதி அது. வரத்து உச்சத்தைத் தொடுவது ஜூலைத் தொடக்கத்தில். வெளியூரிலிருந்து சாலை கிடையாது, விமானத்தில்தான் போக வேண்டும். மீன் பதப்படுத்தும் ஆலைகளில் படுக்கையும் மூன்று வேளைச் சாப்பாடும் பெரும்பாலும் இலவசம். மீன் வந்து குவியும் நாட்களில் ஷிப்ட் 16 மணி நேரம் வரை நீளும். ரப்பர் பூட்ஸும் மழைக்கோட்டும் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். குடல் நீக்கிய மீன் ஒவ்வொன்றாக வரும். கரண்டி முனை வைத்த கத்தியால், முதுகெலும்பை ஒட்டி உறைந்திருக்கும் ரத்தத்தைச் சுரண்டி, தண்ணீரில் அலசி, அடுத்தவரிடம் தள்ள வேண்டும். அதையே நாள் முழுக்க. சீசன் முடியும்வரை நின்றால் விமானக் கட்டணத்தைப் பல ஆலைகள் ஏற்றுக்கொள்ளும். பாதியில் கிளம்பினால் சொந்தக் காசுதான்.

வீட்டையே வண்டியில் வைத்துக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். சுற்றுலா முகாம்களைப் பராமரிக்கும் வேலைக்கு வண்டி நிறுத்த இடம், மின்சாரம், தண்ணீர் இலவசம். வடக்கு டகோட்டா, மினசோட்டா எல்லையில் அக்டோபரில் நடக்கும் சர்க்கரை பீட்ரூட் அறுவடைக்கும் இவர்கள் திரண்டு வருவார்கள். ஜெசிக்கா புரூடர் 2017-இல் எழுதிய 'நோமேட்லேண்ட்' இவர்களைப் பற்றிய நூல்தான். அதன் திரை வடிவம் 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது.

வேலையும் கூரையும் ஒரே முதலாளியின் கையில் இருப்பதில் ஆபத்தும் இருக்கிறது. வேலை போனால் அறையும் போய்விடும். 2011 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில், ஹெர்ஷி சாக்லேட்டுகளைப் பொதி செய்யும் கிடங்கில் நூற்றுக்கணக்கான வெளிநாட்டு மாணவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து போராடினார்கள். கோடை விடுமுறையில் வேலை பார்த்துக்கொண்டே நாட்டைச் சுற்றிப் பார்க்க உதவும் ஜே-1 விசாவில் வந்தவர்கள் அவர்கள். வாரச் சம்பளத்தில் வாடகையைப் பிடித்த பிறகு கையில் நிற்பது சொற்பம் என்பது அவர்களுடைய முக்கியக் குறை. மறு ஆண்டே அமெரிக்க வெளியுறவுத் துறை விதிகளை இறுக்கி, அந்தத் திட்டத்தில் வருபவர்களைக் கிடங்கு, தொழிற்சாலை வேலைகளில் அமர்த்தத் தடை போட்டது.

வேலை தேடுவது எப்படி? 1995 முதல் இயங்கும் கூல்வொர்க்ஸ் தளம் இத்தகைய வேலைகளுக்கென்றே இருப்பது. விடுதி நடத்தும் ஒப்பந்த நிறுவனங்களின் சொந்தப் பக்கங்களிலும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். கோடை வேலைக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே போட்டால்தான் நல்ல இடம் கிடைக்கும். தவறவிட்டவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு ஆகஸ்ட். மாணவர்கள் கல்லூரி திரும்பிவிடுவார்கள், சீசன் முடிய இன்னும் வாரங்கள் இருக்கும், நிறுவனங்கள் ஆளுக்கு அலையும்.

மணிக்கு எத்தனை டாலர் என்று பார்க்கும் முன்பே தங்குமிடத்தின் விவரங்களைக் கேட்டுவிட வேண்டும். வாரத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள்? அதில் சாப்பாடு சேர்த்தியா? அறையில் எத்தனை பேர்? குறைந்தது எத்தனை மணி நேர வேலை உறுதி? கூட்டம் குறைந்து வேலை நேரம் சுருங்கினால் வாடகையும் குறையுமா? வேலை முடிந்தால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும்? மளிகைக் கடைக்கும் மருத்துவரிடமும் போக வண்டி உண்டா? பதிலை எழுத்தில் தர மறுக்கும் இடத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

இந்தியர்களுக்கு இந்த வகையில் அண்மையில் திறந்திருக்கும் கதவு ஆஸ்திரேலியா. வேலையும் விடுமுறையும் சேர்ந்த 462 விசாத் திட்டத்தில் 2024-இல் இந்தியாவும் சேர்ந்தது. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடங்கள். ஆங்கிலத் தேர்ச்சி, கல்வித் தகுதி, கையிருப்புப் பணம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். பழத்தோட்டம், பண்ணை என்று போனால் பல இடங்களில் தங்கும் வசதியும் கிடைக்கும். கூடை கணக்கில் பழம் பறிப்பவருக்கும் மணிநேரக் குறைந்தபட்சக் கூலி 2022 ஏப்ரல் முதல் கட்டாயம். விண்ணப்பிக்கத் தகுதி பெறுபவர்களை அந்நாட்டு அரசு கணினிக் குலுக்கலில் தேர்வு செய்கிறது. முதல் குலுக்கலுக்குப் பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். அந்தக் குலுக்கலில் எந்த ஏஜெண்டுக்கும் கை கிடையாது. இடம் வாங்கித் தருகிறேன் என்று லட்சங்களில் பேசுபவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.