மணிக்கட்டுக்கும் மாற்று உண்டு

முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டவர் நம் சொந்தத்தில் ஒருவராவது இருப்பார். மணிக்கட்டையும் மாற்றலாம் என்பது என் அத்தையால்தான் எனக்குத் தெரிந்தது. ஈப்போவில் தையல் வேலை செய்பவர். முடக்குவாதம் அவரது வலது மணிக்கட்டை அரித்துவிட்டது. கத்தரிக்கோலைப் பிடித்தாலே கண்ணில் நீர் வரும்.

இது புதிய யோசனை அல்ல. ஜெர்மன் மருத்துவர் தெமிஸ்தோக்லெஸ் குளுக் 1890-லேயே யானைத் தந்தத்தால் செய்த மணிக்கட்டைப் பொருத்திப் பார்த்தார். இன்று உலோகமும் உறுதியான பிளாஸ்டிக்கும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனாலும், 8 சிறு எலும்புகள் இரண்டு வரிசையாக அடுங்கிய மணிக்கட்டு, இடுப்பு மூட்டைப் போல எளிதானது அல்ல.

மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, தகடு வைத்து மூட்டை நிரந்தரமாக இணைப்பது. வலி பெரும்பாலும் குறையும், கை உறுதியாக இருக்கும், விரல்களும் அசையும். ஆனால், மணிக்கட்டு மடங்காது. மற்றொன்று, செயற்கை மூட்டு. ஓரளவு மடக்கலாம். ஆனால், வாழ்நாள் முழுதும் கனமான பொருளைத் தூக்கக்கூடாது. பிற்பாடு மூட்டு தளர்ந்தால் மறுபடியும் அறுவை தேவைப்படலாம். கடும் உழைப்பாளிகளுக்கும் இளையோருக்கும் இதைப் பரிந்துரைக்கத் தயங்குவது அதனால்தான்.

“அரிசி மூட்டையை உன் மாமா தூக்கட்டும். எனக்குச் சோறு பிசையவும் தலை வாரவும் கை மடங்கணும்” என்றார் அத்தை. இடது மணிக்கட்டிலும் நோய் தொடங்கியிருந்ததால், ஒரு கையாவது மடங்கட்டும் என்று மருத்துவரும் சம்மதித்தார். சில வாரங்கள் கட்டு, பிறகு பல மாதங்கள் கைப்பயிற்சி. இப்போது வலியில்லாமல் ஊசியில் நூல் கோக்கிறார்.

இளையவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஊன்றிய பின், கட்டைவிரலின் அடியில் வலி நீடித்தால் ‘சுளுக்கு’ என்று எண்ணெய் தேய்த்துவிட்டு இருக்காதீர்கள். அங்குள்ள படகெலும்பு முறிந்தது முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் மூட்டு தேய்ந்துவிடலாம். காலையில் இரு கைகளும் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். முடக்குவாதத்துக்குத் தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

அறுவை வரை போக நேர்ந்தால், உங்கள் கை தினமும் செய்யும் வேலைகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். எந்தச் சிகிச்சை என்பதை எக்ஸ்ரே மட்டும் முடிவு செய்வதில்லை.