சிறுவிடைக் கோழியின் சுவை குறையாமல் காப்பது எப்படி?

"நாட்டுக்கோழி என்று சொல்லித்தானே வாங்கினோம், கறி பிராய்லர் மாதிரி இருக்கிறதே!" வாடிக்கையாளர்கள் இப்படிக் குறைபட்டுக்கொள்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நாட்டுக்கோழிக்குக் கூடுதல் விலை கிடைப்பதே அதன் சுவைக்காகத்தான். சுவை போனால் விலையும் போய்விடும்.

சுவை எங்கிருந்து வருகிறது?

நம் ஊர்களில் சிறுவிடை, பெருவிடை என இரு வகை நாட்டுக்கோழிகள் உண்டு. பெருவிடை சண்டைச் சேவலுக்குப் பெயர் பெற்றது. கறிக்குச் சிறுவிடையையே பலரும் தேடி வாங்குகிறார்கள்.

பிராய்லர் ஆறு வாரத்தில் 2 கிலோவைத் தாண்டிவிடும். சிறுவிடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வர 5 முதல் 6 மாதம் ஆகும். வயது ஏற ஏறத்தான் கறியில் சுவை தரும் பொருட்கள் சேர்கின்றன. ஓடியாடி மேய்வதால் தசையும் இறுகுகிறது. அவசரப்பட்டு இரண்டு, மூன்று மாதத்தில் விற்றால், நல்ல இனமாக இருந்தாலும் அந்தச் சுவை இருக்காது. முட்டையிடத் தொடங்கும் முன் உள்ள வெடைக்கோழி வறுவலுக்கு ஏற்றது. வயது முதிர்ந்தது குழம்புக்கும் ரசத்துக்கும் நல்லது.

இனம் கெடுவது எப்படி?

பண்டிகை நேரத்தில் கூட்டத்திலேயே எடுப்பான சேவலை விற்றுவிடுகிறோம். மிஞ்சிய நோஞ்சான் சேவலே அடுத்த தலைமுறைக்குத் தந்தை ஆகிறது. கலப்பினச் சேவல் கூட்டத்தில் சேர்ந்தாலும் இனம் மாறும். குஞ்சுகள் வேகமாக வளரும், முட்டையும் கூடும். ஆனால் அடைகாக்கும் குணம் குறையும். பிறகு ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துக் குஞ்சு வாங்க வேண்டியதுதான். கலப்பினம் வளர்ப்பதானால் தனியாக அடைத்து வளருங்கள்.

செய்ய வேண்டியவை

* நன்றாக அடைகாத்துக் குஞ்சுகளைக் காப்பாற்றும் தாய்க்கோழியின் குஞ்சுகளிலிருந்தே சேவலைத் தேர்ந்தெடுங்கள்.

* 8 முதல் 10 கோழிக்கு ஒரு சேவல் போதும். அதன் பெட்டைக் குஞ்சுகள் முட்டைக்கு வரும் முன், வேறு ஊரிலிருந்து நல்ல சிறுவிடைச் சேவலை மாற்றிக்கொள்ளுங்கள்.

* பகலில் மேய விடுங்கள். மாலையில் கம்பு, சோளம், குருணை கொடுக்கலாம்.

* பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை ஆகியவற்றைப் போட்டு நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் கரையான் சேர்ந்திருக்கும். குஞ்சுகளுக்கு அது நல்ல புரதத் தீவனம்.

* கழிச்சல் நோய் ஒரே வாரத்தில் கூட்டத்தையே காலி செய்துவிடும். குஞ்சுக்கு 7ஆம் நாளில் லசோட்டா சொட்டு மருந்தும், 8ஆம் வாரத்தில் தடுப்பூசியும் போட வேண்டும். அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள்.

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கருங்கோழியான கடக்நாத்துக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த இனம் அழியாமல் இருந்ததால்தான் அந்தப் பெயரும் கிடைத்தது. உங்கள் கொல்லையில் மேயும் சிறுவிடைக்கும் மதிப்பு உண்டு. அடுத்த பண்டிகைக்கு வியாபாரி வரும்போது, கூட்டத்தின் முதல்தரச் சேவலை மட்டும் கொடுக்காதீர்கள்.