உங்களுக்குத் தெரியுமா? வாசற்கதவின் இலக்கம்

பட்டுத் தறிகளுக்குப் பிரசித்தி பெற்ற ஆரணி முதலான நகரசபை ஊர்களில், வீட்டு வாசலில் அறைந்திருக்கும் இலக்கத் தகடு வீட்டுக்காரரின் இஷ்டப்படி அமையும் அலங்காரம் அன்று. கட்டடங்களுக்கு இலக்கமிடும் அதிகாரத்தை நகரசபைக்கு அளித்ததோடு, இட்ட இலக்கத்தை எவரும் அழிக்கவோ சிதைக்கவோ கூடாதென்றும் 1920-ஆம் ஆண்டின் சென்னை ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம் விதித்தது. ஆயினும், மறு இலக்கமிடும் வைபவம் நிகழ்ந்த தெருக்களில் ஒரே வீடு ‘பழைய எண்’, ‘புதிய எண்’ என இரண்டு ஜன்மம் எடுத்துத் தபால்காரரையே திகைக்க வைப்பதுண்டு.

1972 ஆகஸ்டு 15-இல் அமலான தபால் குறியீட்டிலும் ஒரு விசித்திரம்: 1989-இல் வட ஆர்க்காடு ஜில்லா பிரிந்து, ஆரணி திருவண்ணாமலையைச் சேர்ந்த பின்னரும், திருவண்ணாமலை நகரின் குறியீடு 606601 என்றிருக்க, ஆரணிக்கு வேலூர் வரிசையின் 632301-ஏ நிலைத்திருக்கிறது. தபால் இலாகாவின் பந்தபாசம் எளிதில் அறுவதில்லை போலும்!

தபால் குறியீடு ஒரு வட்டாரத்தைச் சுட்டுமேயன்றி வீட்டைச் சுட்டாது. ஆகவே அவ்விலாகா, ஹைதராபாத் ஐ.ஐ.டி., இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் ஆகியவற்றின் சகாயத்தோடு, தேசம் முழுவதையும் ஏறக்குறைய நான்கு மீட்டர் சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தெண்கள் கொண்ட ‘டிஜிபின்’ என்னும் முகவரியை 2025 மே மாதத்தில் வெளியிட்டது.

அது சர்வசாதாரணமாகப் புழங்கும்வரை, வெள்ளையடிக்கும்போது வாசல் இலக்கத்தை மறைத்துவிடாதீர்கள். 108-ஐ அழைக்க நேர்ந்தால், தெருப்பெயரோடு பழைய எண், புதிய எண் இரண்டையும், அருகிலுள்ள கோயிலையோ பள்ளியையோ சேர்த்துச் சொல்லுங்கள்.