எண்ணிப் பார்த்த நடைகள்

திருவட்டாறு என்றதும் நேயர்களுக்கு ஆதிகேசவப் பெருமாளின் நினைவே முதலில் வரும். நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் காத்திருந்து 2022-ஆம் வருஷம் ஜூலை மாதம் அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. ஆற்று நீர் சூழ்ந்த அந்த க்ஷேத்திரத்தைத் தரிசித்துவிட்டு, நாம் சென்றது ஒரு ரப்பர் தோட்டத்திற்கு. தோட்டம் என்றால் பெரிய எஸ்டேட்டு அல்ல. ஒரு குடும்பத்தின் ஜீவனத்திற்கு ஆதாரமான முந்நூறு மரங்கள்.

உடையவர் ஒரு ஓய்வு பெற்ற உபாத்தியாயர். பால் வெட்டுபவருக்கு வயது அறுபதை நெருங்கிவிட்டது. புதிதாக ஆள் கிடைப்பது இப்பக்கத்தில் எளிதல்ல. இவரும் முடியாது என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டால் மரங்கள் சும்மா நிற்கும். ஆகவே, இவருடைய சிரமத்தில் எது அவசியம், எது அநாவசியம் என்று கண்டுபிடிக்க உபாத்தியாயர் ஒரு வழியைக் கையாண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் நாம் போனோம்.

வழி புதியதன்று. அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத் என்பவர் முதலில் கொத்தனார் வேலை செய்தவர். ஒரு செங்கல்லை வைக்கப் பதினெட்டு அசைவுகள் வேண்டியிருப்பதைக் கண்டு, சாரத்தையும் கல் அடுக்கும் இடத்தையும் மாற்றி, அவற்றை ஐந்தாகக் குறைத்தார். 1921-இல், ஒரு வேலையின் ஆதி முதல் அந்தம் வரையுள்ள படிகளைப் படமாக வரையும் முறையை அந்நாட்டு யந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தார். பின்னர் வழக்கமான குறிகளின்படி, வேலை நடந்தால் வட்டம், பொருள் நகர்ந்தால் அம்பு, சோதித்தால் சதுரம், காத்துக் கிடந்தால் ஆங்கில 'டி' எழுத்து, சேமித்து வைத்தால் முக்கோணம். இவ்வளவுதான் சாஸ்திரம்! ஒரு பென்ஸிலும் பழைய நோட்டுப் புத்தகமும் போதும்.

விடியுமுன் நாமும் பின்தொடர்ந்தோம். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் மரத்துக்கு மரம் செல்கிறார். நேற்றைய ஒட்டுப்பாலை உரித்து, பட்டையைச் சரிவாக மெல்லச் சீவி, சிரட்டையை நேராக்கிவிட்டு நகர்கிறார். வெயில் ஏறினால் மரத்தினுள் நீரின் அழுத்தம் குறைந்து பால் சுரப்பும் குறையும். ஆகையால் கடைசி மரங்களைத் தாமதமாகத் தொட்டால் நஷ்டம். ஒவ்வொரு மரத்தடியிலும் பத்து விநாடி வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், முந்நூறு மரங்களுக்கு ஐம்பது நிமிஷம் போயிற்று.

படத்தில் அம்புகளே மிகுதி. ஒரு வரிசை முடிந்ததும் அவர் வெறுங்கையோடு தொடக்கத்திற்குத் திரும்பி அடுத்த வரிசையை ஆரம்பித்து வந்தார். ஏன்? கத்தி தீட்டும் கல் அங்கே இருந்தது! கல்லை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டதும், ஏர் மாடு வரப்பில் திரும்புவதுபோல் அடுத்த வரிசையில் அப்படியே திரும்ப முடிந்தது. "எத்தனை நடை மிச்சம்?" என்று கேட்டோம்.

"எனக்க காலுகிட்ட கேளுங்க சாரே, அது சொல்லும்" என்றார்.

கொட்டகையில் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. பாலை வடிகட்டித் தண்ணீர் கலந்து, டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் சேர்க்க வேண்டும். இல்லையேல் பால் தானாகவே திரிந்து கெடும். ஆனால் ஆசிட் குப்பி வீட்டிற்குள் இருந்தது. இதை முட்டாள்தனம் என்று எண்ணிவிடலாகாது. பேரக் குழந்தைகள் கொட்டகையில் விளையாடுவார்கள் என்று வீட்டு அம்மாள் அங்கே வைத்திருந்தார். காரணம் கேளாமல் குப்பியை மாற்றியிருந்தால் ஒரு நாள் விபரீதம் நேர்ந்திருக்கும். கொட்டகையிலேயே உயரத்தில் பூட்டுள்ள பெட்டி ஒன்று அடிக்கப்பட்டது.

மறுநாள் உறைந்த பாலை ரோலரில் கொடுத்து ஷீட் ஆக்க வேண்டும். யந்திரம் அயல்வீட்டுக்காரருடன் பொதுவானது. படத்தில் 'டி' எழுத்துக்கள் வரிசையாக நின்ற இடம் இதுவே. யார் எந்த நேரத்தில் வருவது என்று பேசிக்கொண்டதில் அந்த எழுத்துக்கள் பெரும்பாலும் அழிந்தன. காசு செலவில்லை, கொஞ்சம் வாய்ச்சொல் செலவாயிற்று.

மதுரையில் 1976-இல் டாக்டர் வெங்கடசாமி பதினோரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியிலும் இந்த நோக்குத்தான். ஒரு மேஜையில் சிகிச்சை நடக்கையில் அடுத்த மேஜையில் மறு நோயாளி தயாராக இருப்பார். வைத்தியர் திரும்பினால் போதும். அவர் காத்திருந்த நேரமெல்லாம் ஏழைகளின் கண்ணொளியாக மாறியது.

ஆனால் மிச்சமான நேரம் யாருக்குச் சொந்தம்? 1911-இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதசாலையில், கடிகாரம் பிடித்து வேலையை அளக்க வந்தபோது தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நமது பெரியவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. "நேரம் மிஞ்சுதுண்ணு அம்பது மரம் கூட வெட்டச் சொல்லுவியளோ?" என்று முதல் நாளே கேட்டுவிட்டாராம். மரக் கணக்கில் கூலி வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விதான். கூடுதல் மரம் அவர் இஷ்டம், கூலி தனி என்று பேசி முடித்த பிறகே நோட்டைத் திறக்க அவர் சம்மதித்தார். படத்தை வரைந்தது உபாத்தியாயர். ஒவ்வொரு அம்பையும் சொன்னவர் பெரியவர். கூடுதல் மரம் வேண்டாமென்று அவர் இப்போது சீக்கிரமே வீடு போய்விடுகிறார்.

புகைக்கூட்டின் பக்கம் நோட்டில் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. ஷீட்டு உலரச் சுமார் நான்கு நாள் புகை வேண்டும். அதை எந்தப் படமும் குறைக்காது. விறகு மட்டும் மழையில் நனைந்து கிடந்ததை நாம் கண்டோம். உபாத்தியாயரிடம் அதைச் சொல்லிவிட்டு, மார்த்தாண்டம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினோம்.