கறள் பிடிக்காத வேலி: கடற்கரை வீட்டுக்கு அலுமினியம் எடுக்கும் முன்

"காக்கா, அலுமினியம் கறள் புடிக்காதெண்டுதானே சொன்னீங்க? ஒருக்கா வந்து பாருங்க."

2016ஆம் ஆண்டு ஒரு நாள் பின்னேரம் எனக்கு வந்த தொலைபேசி அழைப்பு இது. அழைத்தவர் கல்முனைப் பக்கம் கடலோரமாக வீடு கட்டியிருந்த ஒரு வியாபாரி. அவரது வீட்டு முன்பக்கத்துக்கு 90 அடி அலுமினிய வேலி போட்டுக் கொடுத்து ஒன்றரை வருடம் கூட ஆகியிருக்கவில்லை. போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ஆணியின் கீழும் செம்மஞ்சள் கோடு வடிந்திருந்தது. தூண்களின் அடியில் வெள்ளைத் தூள் பூத்திருந்தது. மூன்று தூண்கள் கையால் தள்ளும்போதே ஆடின.

நான் பொய் சொல்லி விற்கவில்லை. ஆனால் பாதி உண்மையைச் சொல்லி விற்றிருந்தேன். அந்த வேலியைக் கழற்றி மீண்டும் போட்டுக் கொடுத்ததில் அந்த வேலையின் இலாபம் முழுவதும் போய், கைக்காசும் போனது. அந்தச் செலவில் நான் படித்த பாடத்தைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். ஹார்ட்வெயார் வியாபாரம் செய்வோருக்கும், அலுமினிய வேலை எடுத்துச் செய்வோருக்கும், தமது வீட்டுக்கு வேலி போட எண்ணியிருப்போருக்கும் இது உதவக்கூடும்.

பாதி உண்மை எது?

அலுமினியம் இரும்பைப் போல் கறள் பிடிப்பதில்லை என்பது சரி. காற்றுப் பட்டவுடனேயே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படை உண்டாகி, உள்ளே உள்ள உலோகத்தைக் காக்கிறது. கீறினாலும் அந்தப் படை தானாக மீண்டும் உண்டாகும். உள்ளூரில் அலுமினிய யன்னல்கள் ஆண்டுக்கணக்கில் நிற்பது இதனால்தான்.

கடலோரத்தில் நிலைமை வேறு. காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படையைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். நாம் காணும் வெள்ளைத் தூள் அதன் அடையாளம். எமது கிழக்குக் கரையில் மாரி மழை உப்பைக் கழுவிவிடும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை மழை குறைவு. பின்னேரக் கடற்காற்று கொண்டுவரும் உப்பு வேலியிலேயே படிந்துகிடக்கும். இரவு ஈரத்தில் அது கசிந்து தன் வேலையைச் செய்யும். பேருவளை, காலிப் பக்கத்தில் சோளகக் காற்று நேராகக் கடலிலிருந்து அடிப்பதால் அங்கேயும் தொல்லை குறைவில்லை.

ஆனாலும் நல்ல அலுமினியத்தில் இந்தப் புள்ளிகள் பெரும்பாலும் அழகைத்தான் கெடுக்கும். அவ்வளவு விரைவில் வேலியை விழுத்தாது. வேலியை விழுத்துவது அலுமினியத்தோடு நாம் சேர்த்துவைக்கும் மற்றச் சாமான்கள்தான். என்னுடைய 90 அடி வேலியில் நடந்ததும் அதுவே.

ஆணியில் மிச்சம் பிடித்தது

அன்று நான் பாவித்தது மஞ்சள் நிற நாகப்பூச்சுள்ள சாதாரண ஸ்குறூ ஆணி. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் உப்பு ஈரமும் இருந்தால் அது ஒரு சின்ன பற்றரி போல் வேலை செய்யும். இரண்டில் ஒன்று கரைந்துகொண்டே இருக்கும். முதலில் ஆணியின் நாகப்பூச்சு போனது. பிறகு இரும்பு கறள் பிடித்தது. அதற்குப் பிறகு ஓட்டையைச் சுற்றியுள்ள அலுமினியம் அரிபடத் தொடங்கியது.

கடலோரத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணிதான் வேண்டும். அதிலும் 304 போதாது, 316 வேண்டும். 316இல் மொலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 சதவீதம் வரை கலந்திருப்பதால் உப்பை அது கூடுதலாகத் தாங்கும். 304 ஆணி கடற்காற்றில் தேயிலைச் சாயம் போல் பழுப்பு நிறத்தில் கறைபடும்.

இங்கே நம்மில் பலர் ஏமாறுவது காந்தத்தில். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல சாமான் என்று எடுத்துவிடுகிறோம். 304, 316 இரண்டிலுமே பொதுவாகக் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தத்தால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. தரமான போல்ட்டின் தலையில் ஆங்கிலத்தில் ஏ2 அல்லது ஏ4 என்று பொறித்திருப்பார்கள். ஏ2 என்றால் 304 வகை. ஏ4 என்றால் 316 வகை. பெட்டியின் மேல் உள்ள எழுத்தைப் பார்த்து வாங்காமல், தலையில் உள்ள எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

316 போட்டாலும் ஆணிக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் நைலோன் வாஷர் ஒன்று வையுங்கள். பித்தளைக் கீல், செம்புக் கம்பி எதையும் வேலியில் நேராகப் பூட்ட வேண்டாம். செம்பின் மேல் ஓடி வடியும் தண்ணீர் கூட அலுமினியத்தை அரிக்கும்.

தூணின் கால்

அடுத்த பிழை கொங்கிறீற்று. தூணை அப்படியே குழியில் வைத்து கொங்கிறீற்றுப் போட்டிருந்தோம். இரும்புக்கு அது சரி. அலுமினியத்துக்கு ஈரச் சீமெந்து ஆகாது. அதன் காரத்தன்மை அந்தப் பாதுகாப்புப் படையைக் கரைத்துவிடும். மேசன் உப்புக் கழுவாத கடற்கரை மணலைக் கலந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, மண்ணுக்குள் போகும் பகுதியிலும் நிலத்துக்கு மேல் இரண்டு அங்குலம் வரையிலும் பிற்றுமின் பெயின்ட் இரண்டு கை பூசிக் காயவிட்டு, பிறகு நடுவது. மற்றது, கொங்கிறீற்று பீம் ஒன்றைப் போட்டு, அது நன்றாகக் காய்ந்த பின் தூணை அடித்தட்டோடு 316 போல்ட்டில் பூட்டுவது. தட்டுக்குக் கீழ் பிளாஸ்டிக் அல்லது இறப்பர்த் துண்டு வைக்க வேண்டும். நான் இப்போது இரண்டாவது வழியைத்தான் செய்கிறேன். ஒரு தூண் பழுதானால் கழற்றி மாற்றவும் அது இலேசு.

குழாய்த் தூணின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளையும், தலையில் மூடியும் இருக்கட்டும். உள்ளே தேங்கும் உப்புத் தண்ணீரை வெளியிலிருந்து எவரும் காணமாட்டார்.

எந்த அலுமினியம்?

அலுமினியம் என்பது ஒரே சாமான் அல்ல. வேலிக்கு ஏற்றது 6063 என்ற கலவை. அதில் செம்பு மிகச் சொற்பம். செம்பு கூடிய 2000 வரிசைக் கலவைகள் பலமானவை, ஆனால் கடற்காற்றுக்கு ஆகாதவை. வேலியின் தலையில் பூட்டும் ஈட்டி, பூ வடிவங்களில் கவனமாக இருங்கள். பழைய சாமான்களை உருக்கி வார்த்தவையாக இருந்தால் அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

அலுமினியத்தின் பாரம் இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அதன் விறைப்பும் அப்படியே, மூன்றில் ஒன்று. ஆகவே இரும்பு வேலியின் அளவை அப்படியே பார்த்து அடித்தால் வளையும். யன்னலுக்கு வரும் மெல்லிய செக்ஷனை வேலித் தூணாக நிறுத்துவது பெரும் பிழை. நான் தூணுக்கு 2 மில்லிமீற்றருக்குக் குறைந்த தடிப்பை எடுப்பதில்லை. தூண்களை 6 அடிக்கு மேல் தள்ளி நடுவதுமில்லை. தெரு மாடுகள் வந்து உரசும் இடம், லொறி திரும்பும் முடக்கு என்றால் கீழே கல் மதில் கட்டி, மேலே மட்டும் அலுமினியம் போடும்படி வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுகிறேன். விற்பனை குறையும். பரவாயில்லை.

மேற்பூச்சு

பவுடர் கோட்டிங் என்றால் 60 முதல் 80 மைக்ரோன் தடிப்பும், வெயிலைத் தாங்கும் பொலியெஸ்டர் பவுடரும் கேளுங்கள். எபொக்சி பவுடர் வெயிலில் சுண்ணாம்பு போல் வெளுக்கும். பூச்சின் தடிப்பை விட முக்கியமானது, பூசுவதற்கு முன் உலோகத்தைச் சரியாகக் கழுவி இரசாயனப் பதம் செய்வது. அது குறைந்தால் பூச்சுக்குக் கீழே புழு ஊர்ந்தது போல் அரிப்புப் பரவி, தோல் உரியும்.

வெட்டுவது, துளைப்பது, வெல்டிங் வைப்பது எல்லாம் பூச்சுக்கு முன்னரே முடிய வேண்டும். வீட்டு வாசலில் வைத்து வெட்டினால் அந்த வெட்டு வாயிலிருந்துதான் அரிப்புத் தொடங்கும். தவிர்க்க முடியாமல் வெட்டினால் அதே இடத்தில் டச்-அப் பெயின்ட் பூசிவிடுங்கள். அனோடைஸ் செய்தது எடுப்பதென்றால் கடலோரத்துக்கு 25 மைக்ரோன் வேண்டும். மதில் பூசும் சீமெந்து அதில் தெறித்துக் காய்ந்தால் கறை போகாது. ஆகவே மேசன் வேலை முடிந்த பின்னரே வேலியைக் கொண்டுவாருங்கள்.

கழுவுவதும் வியாபாரம்தான்

மழையில்லாத மாதங்களில் மாதம் ஒரு தடவையாவது நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். கடலோரக் கிணறுகள் பலவற்றில் உவர் நீர்தான். அதனால் கழுவினால் உப்பை நாமே பூசுவதாகும். குழாய்த் தண்ணீரும் மெல்லிய சவர்க்காரமும் போதும். குளோரின் திரவம், சலவைச் சோடா, இரும்பு நார் மூன்றும் கூடாது. வெளிநாட்டுப் பூச்சு உத்தரவாதங்கள் பலவற்றில் கடலோர வீடுகளுக்குத் தனி நிபந்தனை இருக்கும். கழுவாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்றும் இருக்கும். விற்பவர் அதை வாசித்துச் சொல்வது நல்லது.

கோட்டேஷனில் ஐந்து வரி

இப்போது எனது கோட்டேஷனில் "அலுமினிய வேலி, அடி இவ்வளவு" என்று மட்டும் எழுதுவதில்லை. ஐந்து விடயங்களைத் தனித்தனியாக எழுதுகிறேன்:

1. கலவையும் தடிப்பும்
2. பூச்சின் வகையும் மைக்ரோனும்
3. ஆணி 316 என்பது
4. தூணின் கால் எப்படி அமையும் என்பது
5. கழுவும் முறை

இப்படி எழுதினால் எனது விலை பக்கத்துக் கடையை விடக் கூடித்தான் வரும். சிலர் தாளைப் பார்த்துவிட்டு எழும்பிப் போகிறார்கள். சிலர் அதே தாளை எடுத்துக்கொண்டு போய் மற்றக் கடையில், "இந்த அஞ்சும் உங்கட விலையில இருக்கா?" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களில் பலர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

அன்று தொலைபேசி எடுத்த அந்த வியாபாரியின் வேலி இன்றும் நிற்கிறது. தன் மகளின் வீட்டுக்கு வேலி போடவும் அவர் என்னிடமே வந்தார். விலையைக் கேட்கவில்லை. "ஆணி அந்த ஆணிதானே காக்கா?" என்று மட்டும் கேட்டார்.