ஆளி ஓட்டைத் துளைத்தது யார்?

பழவேற்காடு ஏரியில் வளரும் ஆளிக்கு விலங்கியலார் வைத்த பெயர் கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ். அதன் ஓட்டில் பொடிப்பொடியாக வட்டத் துளைகள் தெரிந்தால் புழு அரித்தது என்றுதான் தோன்றும். பல சமயம் அது கடற்பஞ்சின் வேலை. கிளையோனா வகைக் கடற்பஞ்சு, ஓட்டின் சுண்ணாம்பைக் கரைத்துச் சில்லு சில்லாகப் பெயர்த்து வெளியே தள்ளும். குடைந்த அறைகளில் தானே குடியேறும். ஆளியின் சதையை அது தொடுவதில்லை. அதன் இரை தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள். ஆனால் துளைகளை அடைத்து அடைத்தே ஆளி இளைத்துப்போகும்.

துளைத்தது எந்தக் கடற்பஞ்சு? நிறத்தை நம்ப முடியாது. சாராயத்தில் போட்டால் வெளுத்துவிடும். உருவமும் நீரோட்டத்துக்கேற்ப மாறும். மாறாதது உடலுக்குள் இருக்கும் நுண்முட்கள். பெரும்பாலான இனங்களில் இவை சிலிக்காவால் ஆனவை, அதாவது கண்ணாடியின் மூலப்பொருள். ஆய்வகத்தில் ஓட்டுத் துண்டை நைட்ரிக் அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பும் சதையும் கரைந்து முட்கள் மட்டும் அடியில் தங்கும். (புகை நஞ்சு, வீட்டில் செய்து பார்க்கும் காரியமல்ல.) கழுவிய படிவை நுண்ணோக்கியில் வைத்தால், கிளையோனா செலாட்டாவில் பெரும்பாலும் குண்டூசி போன்ற முட்கள் மட்டுமே இருக்கும். கிளையோனா வாஸ்டிஃபிகாவில் அவற்றுடன் சொரசொரப்பான நுண்கோல்களும் கலந்திருக்கும். வெளியே துளைகள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை வேறு வேறு.

சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் சென்னைக் கடலோரத்தில் சேகரித்த கடற்பஞ்சுகளை ஆர்தர் டெண்டி ஆராய்ந்து 1887இல் எழுதினார். பிடித்த இடத்தைப் பார்க்காமலேயே இனம் பிரிக்க முடிந்ததற்கு முட்களே பெருந்துணை. பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.ஏ. தாமஸ், ஆளி, சிப்பிப் படுகைகளைத் துளைக்கும் இந்தியக் கடற்பஞ்சுகளைத் தனியாகவே ஆராய்ந்தார். எனக்கு இதுதான் முக்கியமான வேலையாகப் படுகிறது. ஆளி வளர்ப்பவருக்கு நேரடியாகப் பயன்படுவது இதுவே.

முட்களே எல்லாவற்றையும் சொல்லிவிடாது. குளியல் பஞ்சு இனத்தில் முட்களே கிடையாது, நார்தான். ஒரே செலாட்டா என்று நினைத்திருந்தது பல இனங்களின் கூட்டம் என்பதை மரபணுச் சோதனைதான் காட்டியது.

சட்டத்துக்கும் இதில் வேலை உண்டு. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்ட கடற்பஞ்சுகள், சுண்ணாம்பு முட்கள் கொண்ட பிரிவு. இவற்றை அமிலத்தில் இட்டால் முட்களும் கரைந்துபோகும். சலவை பிளீச்சில்தான் ஊறவைக்க வேண்டும். கிடைத்த முட்களில் ஒரு துளி அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று பார்த்தால், பட்டியலில் உள்ள பிரிவா இல்லையா என்பது தெரிந்துவிடும்.